மலைவழித் துவிசக்கர யாத்திரை

துவிசக்கர வண்டியேறி, இரவுதோறும் வெவ்வேறு ஊரில் தங்கி, உடை உணவு முதலிய வேண்டுவனவற்றையெல்லாம் அவ்வண்டியிலேயே கட்டிக்கொண்டு, வழிகாட்டி ஒருவரையும் அமர்த்தாமல், செல்லும் வழியையும் நிற்கும் வேளையையும் தாமே வகுத்துக்கொண்டு பல நாள் பிரயாணஞ் செய்யும் வழக்கம் இக்காலத்து மிகப் பரவி வருகின்றது. மேனாட்டார் இதனைப் 'பைக்பாக்கிங்' என்பர். முதுகில் மூட்டை சுமந்து மலையேறுவார் செய்வதை இவர் சக்கரத்தின்மீது செய்கின்றனர் என்பதே அப்பெயரின் கருத்து. நம் கலாசாலை மாணவரிற் பலர் நாடோறும் சைக்கிளில் வருபவரே. ஆயினும் அவ்வண்டி தம்மை ஊரெல்லைக்கு அப்பால், அதிலும் மலைமேல், கொண்டு செல்ல வல்லது என்று எண்ணுவார் அவருள் மிகச் சிலர். சென்ற பிப்ரவரி மாதத்தில் யாம் நால்வர் நீலகிரியில் நான்கு நாள் இவ்வாறு சென்று வந்தோம். அச்செலவிற் கண்டவற்றைத் துணையாகக் கொண்டு, இத்தகைய யாத்திரை எவ்வாறு வகுக்கப்படுவது, எங்கே எளிது, எங்கே இடருடையது என்பவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இது புதிய வழக்கம்போலத் தோன்றினும் பழமையுடையதே. இரு சக்கரமும் ஏறக்குறைய ஒப்பாய்ப் பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் வண்டியை 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார் செய்து பரப்பினர். காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை 1888-இல் டன்லப் என்பார் கொணர்ந்தனர். இவை பரவுவதற்கு முன்னரே தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பார், முன்சக்கரம் மிகப் பெரிதும் பின்சக்கரம் மிகச் சிறிதுமான பழைய வண்டியில் 1884 முதல் 1886 வரை உலகைச் சுற்றினர். நம் தேசத்தின் வடபாகத்தையும் அவர் கடந்தனர். 1897-இல் அமெரிக்க ராணுவத்தின் 25-ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினப் போர்வீரர் இருபதின்மர், மான்டானா நாட்டு மிசூலாக் கோட்டையிலிருந்து செயின்ட் லூயிஸ் நகர்வரை ஏறத்தாழ 1,900 மைல், கூடாரமும் துப்பாக்கியும் வண்டியிற் கட்டிக்கொண்டு சென்றனர். 1923-இல் பம்பாயினின்றும் புறப்பட்ட பார்ஸி இளைஞர் அறுவருள் அதி ஹகீம், ஜால் பாபாஸோலா, ருஸ்தம் பும்காரா என்னும் மூவர் உலகைச் சுற்றி 1928-இல் ஊர் திரும்பினர். கடலோடிகளின் பெயரைப் பாடமாக்கும் நம் பிள்ளைகள் இம்மூவர் பெயரை அறியாதிருத்தல் இரங்கத்தக்கதே.

நிற்க. மலைப் பிரயாணத்தை வகுப்பார் முதற்கண் விடவேண்டியது, தூரத்தைக் கொண்டு ஒரு நாளை அளக்கும் பழக்கமாம். சமதரையில் ஒரு பகலில் 80 கிலோமீட்டர் எளிதிற் செல்பவர் மலையில் 30 கிலோமீட்டரிற் களைப்புறுவர். அங்கே அளக்கவேண்டியது ஏறும் உயரமே. சுமையோடு செல்லும் நடுத்தர வலியுடைய இளைஞர் ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் உயரம் ஏறுவர் என்று கொண்டால் கணக்குப் பெரிதும் பிழைபடாது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். இடைவழி 33 கிலோமீட்டர். தூரத்தை மட்டும் நோக்குவார் இரண்டரை மணி நேரம் போதும் என்பர். உயரத்தை நோக்குவாரோ 1,475-ஐ 300-ஆல் வகுத்து ஐந்து மணி நேரம் என்பர்; உண்ணவும் இளைப்பாறவும் ஒரு மணி கூட்டுவர். எமக்கு ஆனது ஆறு மணி நேரமே.

இம்முறையில் யாம் வகுத்த வழி வருமாறு: முதல் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி. இரண்டாம் நாள், கனத்த மூட்டைகளைக் கோத்தகிரி விடுதியிலேயே வைத்துவிட்டுக் கொடநாட்டுக் காட்சிமுனை சென்று மீளுதல். இது போகவரப் பதினாறு பதினாறாக 32 கிலோமீட்டருக்குச் சற்று மிகும். மூன்றாம் நாள் கட்டபெட்டு வழியாய்த் தொட்டபெட்டா மலையைச் சார்ந்து உதகமண்டலம், ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நான்காம் நாள் உதகையிலிருந்து குன்னூர் 19 கிலோமீட்டரும், குன்னூரிலிருந்து பர்லியாறு, கல்லாறு வழியாய் மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 34 கிலோமீட்டரும். மொத்தம் 150 கிலோமீட்டருக்கு உட்பட்டதே. நான்கு நாளைக்கு இஃது அற்பமென்று நகைத்த நண்பரொருவர் முதல் நாள் நண்பகலுக்குப்பின் நகைத்திலர்.

உதகையிலிருந்து கல்லட்டி வழியாய் மசினகுடிக்கு இறங்கும் பாதையைச் சிலர் எமக்கு எடுத்துரைத்தனர். அதனை விலக்கினோம். 36 கொண்டையூசி வளைவுகள் கொண்ட அவ்விறக்கம் மிகச் செங்குத்தானது. பல விபத்துக்கள் நேர்ந்தமையால் வெளியூர் வண்டிகளுக்கு அங்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டதுண்டு. இறங்கிச் சேருமிடமோ முதுமலைப் புலிகள் காப்பகம். யானையும் புலியும் வழங்கும் காட்டுச் சாலை, மோட்டார் வண்டியின் கதவை அடைத்துக்கொண்டு செல்வார்க்கே உரியது, சைக்கிளுக்கு உரியதன்று. வழிகாட்டியின்றிச் செல்வார் தாமே வழியைத் தேர்வதுபோலத் தாமே வழியை மறுக்கவும் வேண்டும்.

காலத்தைத் தேர்தலும் வழியைத் தேர்தல்போல முக்கியமானது. நீலகிரியின் மேற்புறம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை மிகுதியாகப் பெறும். கோத்தகிரி, குன்னூர் முதலிய கீழ்ப்புறத்து ஊர்களோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையிற் பெரும்பயன் பெறும். மண்சரிவும் அக்காலத்திலேயே மிகும். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் அம்மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். ஏப்ரல், மே மாதங்களில் பருவமழையில்லை. ஆனால் மோட்டார் வண்டிகளின் வெள்ளம் உண்டு. அதன் மிகுதி பற்றியே சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு ஏற்படுத்தப்பட்டது. அக்கோடைக் காலத்தில் ஏறுவதற்குக் குன்னூர்ச் சாலை, இறங்குவதற்குக் கோத்தகிரிச் சாலை என்று ஒருவழிப் போக்குவரவு அமைப்பதும் உண்டாதலால் எம் வழி அப்போது தலைகீழாகும். ஆகவே பனி தணிந்து கூட்டம் பெருகாத பிப்ரவரியே தக்கதெனக் கொண்டோம். பகலில் வெயில் இதமாயிருந்தது. இரவில் உதகையின் குளிர், கம்பளியை மறந்து வந்தாரை மன்னிப்பதன்று.

இனி வண்டியைக் கூறுவாம். நம்மூர்க் கறுப்புச் சைக்கிளில் முன் பற்சக்கரத்திற்கு 44 பற்களும் பின்னதற்கு 18 பற்களும் இருப்பதாகக் கொள்க. மிதியை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைமுறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டராதலின் வண்டி 5.4 மீட்டர் முன்செல்லும். மனிதன் களைப்பின்றி மிதிக்கவேண்டுமாயின் நிமிடத்திற்கு ஐம்பது சுற்றேனும் சுற்றுதல் வேண்டும். அவ்வாறு சுற்றின் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டராகும். 85 கிலோ பாரத்தை நூற்றுக்கு நாலரை வீதம் உயரும் சாலையில் அவ்வேகத்தில் ஏற்றுவதற்கு 200 வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் வேண்டும். பந்தய வீரர்க்கு அது விளையாட்டு. நம் போல்வார் பல மணி நேரம் தொடர்ந்து செலுத்தக்கூடியது 80 முதல் 100 வாட் வரையே. ஆகவே கறுப்புச் சைக்கிளில் ஏறுவார் நிமிடத்திற்கு இருபது சுற்றாக முழங்கால் நோவ நெம்பவேண்டும். அல்லது இறங்கித் தள்ளவேண்டும். பின் பற்சக்கரம் முன்னதற்கு ஒப்பான பற்களுடையதாயின் மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி 2.2 மீட்டரே செல்லும். ஐம்பது சுற்றுக்கு வேகம் 6.6 கிலோமீட்டர், ஆற்றல் 80 வாட்டுக்குள் அடங்கும். மலைக்குரிய வண்டிகளிற் பின்புறம் சிறியதும் பெரியதுமாய்ப் பல பற்சக்கரங்களை அடுக்கி, சங்கிலியை ஒன்றினின்று மற்றொன்றுக்கு மாற்றும் பொறியை அமைப்பது இதன்பொருட்டே.

இப்பொறியைப் பிரான்ஸ் தேசத்திற் பெரிதும் பரிந்துரைத்தவர் செயின்ட் எத்தியேன் நகரத்துப் பால் டி விவீ என்பார். வெலோசியோ என்னும் புனைபெயரால் எழுதிய அவர் 1853 முதல் 1930 வரை வாழ்ந்தவர். மலைக்கணவாய்களில் தாமே ஏறிப் பலவகைப் பற்சக்கரங்களைச் சோதித்துக் காட்டினர். பந்தயக்காரரோ அதனைப் பலவீனர்க்குரிய உபாயமென்று இகழ்ந்தனர். பிரான்ஸ் நாட்டுப் பெரும் பந்தயத்தில் அப்பொறி 1937-இலேயே அநுமதிக்கப்பட்டது. இன்று அஃதில்லாத பந்தய வண்டி அங்கு இல்லை. பசிக்குமுன் உண்க, விடாய்க்குமுன் பருகுக என்னும் கருத்துப்பட அவர் பிரயாணிகளுக்கு வகுத்த விதிகளும் பெரிதும் போற்றப்படுவன.

எம் நால்வரில் மூவர் பற்சக்கரம் மாற்றும் வண்டியுடையேம். நான்காமவர் தம் தந்தையார் வாங்கித்தந்த கறுப்புச் சைக்கிளையே கொண்டுவந்தனர். வேறு வண்டி வாடகைக்குப் பெறலாமே என்றதற்கு, "இதுவும் ஏறும், நான் கூடவே நடப்பேன்" என்றார். அவ்வாறே அடிவாரத்துச் சமதரையில் எட்டுக் கிலோமீட்டர் ஏறிச்சென்று, எஞ்சிய இருபத்தைந்தையும் பெரும்பாலும் தள்ளியே நடந்தனர். எமக்கு ஒன்றரை மணி நேரத்திற்குப்பின் அவர் கோத்தகிரி சேர்ந்தபோது, யாம் கால் நீட்டிப் படுத்திருந்தோம். அவரோ தேநீர் கேட்டு நின்றனர். மலையேற்றத்தில் ஏறிச்செல்வார்க்கும் தள்ளிச்செல்வார்க்கும் வேகத்தில் உள்ள வேற்றுமை மிகச் சிறிதென்பதை அன்று கண்டோம். பொருளில்லாமையால் நல்ல வண்டி வாங்கவியலாத மாணவர், ஏற்றத்தின்பொருட்டு இவ்யாத்திரையைக் கைவிடவேண்டியதில்லை. இறக்கத்தின் செய்தி வேறு; அதனைப் பின்னர்க் கூறுவாம்.

சுமையைக் கட்டுவதிலும் ஒரு நெறி உண்டு. காரியரின்மேல் உயரமாய் மூட்டை அடுக்கினால், நிமிர்ந்து மிதிக்குந்தோறும் வண்டி பக்கத்துக்குப் பக்கம் ஆடும். முதுகில் மாட்டினாலோ தோளும் இடுப்பும் இரண்டாம் நாளே நோகும். ஆகலின் கனமான பொருள்களாகிய கருவிகள், உணவு, தண்ணீர் ஆகியவற்றை வண்டிச் சட்டத்தின் முக்கோண இடைவெளியில் தைத்த பையிலும், உடையை ஸீட்டின் பின்னும், போர்வையைச் சுருட்டி ஹாண்டில்பாரின் முன்னும் கட்டுதல் வேண்டும். எம் பைகளைத் தைத்தவர் பழைய லாரித் தார்ப்பாயில் தையல் வேலை செய்யும் ஒருவர். அவை மழையிலும் நனையாதன. ஆளொருவர்க்கு மாற்றுடை ஓரிணை, கம்பளிச் சட்டை, மழையங்கி, போர்வை, பஞ்சர் ஒட்டும் கருவி, மாற்று டியூப் ஒன்று, பம்பு, சங்கிலிக் கண்ணி ஒன்று, பிரேக் கட்டைகள் ஓரிணை, முன்பின் விளக்குகள், சிறு மருந்துப்பெட்டி; இவ்வளவே. எல்லாம் பத்துக் கிலோவுக்குள் அடங்கின. ஒரு தோழர் மட்டும் பரீட்சைக்குப் படிக்கவென்று கனமான பௌதிக நூலொன்றைக் கொண்டுவந்தனர். அது நான்கு நாளும் திறக்கப்படாமலே 1,900 மீட்டர் ஏறி இறங்கிற்று.

ஈண்டுத் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். நீலகிரி மாவட்டத்தில் தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் போத்தல்கள் தடை செய்யப்பட்டுள்ளன. ஆதலால் உலோகக் குப்பிகளையே கொண்டுசென்று, ஊர்களில் நிறுவப்பட்டுள்ள தண்ணீர்ப் பொறிகளிலும் தேநீர்க் கடைகளிலும் நிரப்பிக்கொண்டோம். உணவின் கணக்கும் வியப்புடையது. 85 கிலோ பாரத்தை 1,475 மீட்டர் உயர்த்தும் வேலை ஏறத்தாழ 300 கிலோகலோரிக்கு ஒப்பாகும். ஆனால் மனித தேகம், உண்ட உணவின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கையோ நாலில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றும்; எஞ்சியது வெப்பமாய் வியர்வையிற் கழியும். ஆகவே அவ்வொரு காலைப்பொழுதில் செலவாவது, சாலையின் உராய்வையும் சேர்த்து, 1,500 கிலோகலோரி அளவாம். சிறிய இட்டிலி ஒன்று 50 என்று கொண்டால் முப்பது இட்டிலி! அவ்வளவும் ஒருங்கே உண்டு ஏறுதல் ஆகாது. கடலை மிட்டாயும் நேந்திரம் பழமும் பையில் வைத்து முக்கால் மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாய் உண்டோம். தோழர் எவரும் வழியிற் சோர்ந்து விழாமைக்கு அதுவே காரணம்.

முதல் நாள் சூரியோதயத்தின் பின்னரே புறப்பட்டோம். அடிவாரக் காட்டுச் சாலைகளில் யானைகள் விடியற்பொழுதிலும் அந்தியிலும் கடப்பது வழக்கமாதலின், இருளில் வண்டி உருட்டுவதில்லை என்றும், மாலை நான்கு மணிக்குமேல் புது வழியிற் செல்வதில்லை என்றும் முன்னரே உறுதி செய்திருந்தோம். கமுகந் தோட்டங்கள் கழிந்ததும் சாலை நிமிர்கின்றது. ஆயிரம் மீட்டர் உயர்வதற்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்று பூகோள வகுப்பிற் கேட்டதை அன்று தோலாலே கற்றோம். கீழே சட்டை வியர்வையில் ஒட்டியது. பாதி வழியிற் காற்று வறண்டது. கோத்தகிரிக்கு அண்மையில், நின்றால் உடல் சிலிர்த்தது. தேயிலைத் தோட்டங்கள் தொடங்குமிடத்தில் ஒரு வளைவில் நின்று கீழே நோக்கின், காலையிற் புறப்பட்ட சமவெளி வெண்புகையில் மறைந்து கிடந்தது.

கோத்தகிரி என்னும் பெயர் கோத்தர் என்னும் பழங்குடியினரால் வந்ததென்பர். கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் 1819-இல் நீலகிரியை அடைந்து, கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கு என்னும் ஊரில் மனையமைத்தார். அது புதுப்பிக்கப்பெற்று நினைவகமாக விளங்குகின்றது. எமக்கு அதனினும் இனிதாய்த் தோன்றியது லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர் அளவே உள்ள அக்காடு, சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருங்கியிருக்கப் பழைய சோலையின் எச்சமாய் நிற்கின்றது. மரத்தடியில் அடர்ந்து கிடக்கும் இலைமக்கு மழையை உறிஞ்சிவைத்துச் சிறிது சிறிதாய் ஓடையில் விடுகின்றது. கோத்தகிரியும் சுற்றூர்களும் குடிப்பது அந்நீரே. அக்காட்டை வெட்டிவிட்டால் அவ்வூர்களின் குழாய்கள் கோடையில் என்ன சொட்டும் என்பதை எண்ணிப்பார்க்கவும் வேண்டுவதில்லை.

இரண்டாம் நாள் கொடநாட்டுச் சாலையில் எம் திட்டம் முதன்முதற் சோதிக்கப்பட்டது. தேயிலைத் தோட்டத்தின் நடுவே வளைவொன்றில், கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவர் கையுயர்த்தி எம்மை நிறுத்தினர். "தம்பிகளா, அங்கிட்டுப் போகாதீங்க. காட்டுமாடு நிக்குது, குட்டியோட" என்றார். ஐம்பதடி அப்பால், செடிகளுக்கு மேலே கறுத்த முதுகொன்று தெரிந்தது. காட்டெருமை என்று நூல்கள் கூறும் அவ்விலங்கின் ஆண், ஆயிரம் கிலோ எடைவரை வளர்வது. பொதுவாய் அமைதியுடையதாயினும், கன்றோடு நிற்கும் பசு நெருங்குவாரைப் பொறாது. மோட்டார் வண்டி ஒன்று ஒலியெழுப்பிக் கடந்து சென்றது. அதன்பின்னே ஒட்டிக்கொண்டு யாமும் கடந்துவிடலாம் என்றார் எம்முள் ஒருவர். அம்மையாரோ, "அண்ணன் காருக்குள்ள இருக்காரு, நீங்க வெளியில இருக்கீங்க" என்றார். அதற்குமேல் வாதமில்லை. நாற்பது நிமிடம் நின்றோம். கன்று முன்னும் தாய் பின்னுமாய்ச் சரிவில் இறங்கி மறைந்தபின்னரே சென்றோம். இத்தகைய நாற்பது நிமிடங்கள் எந்நாளிலும் நேரலாமாதலின், ஒவ்வொரு நாளின் கணக்கிலும் இரண்டு மணி நேரத்தை ஒன்றுக்கும் ஒதுக்காமல் விட்டுவைத்தல் வேண்டும். கோத்தகிரிப் பக்கத்தில் கரடிகளும் ஊர்க்குள் வருவனவாதலால், தின்பண்டங்களை இரவில் வாயிலிற் கட்டிய வண்டியில் விடலாகாது.

கொடநாட்டு முனையில் மலை திடீரென்று முடிகின்றது. கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கும், ஆற்றின் கரையிற் தெங்குமரகடா என்னும் சிற்றூரும், சேய்மையிற் பவானிசாகர் நீர்த்தேக்கமும் தோன்றுகின்றன. அக்காட்சியை வருணித்தற்கு எம்மிற் கவிஞர் இலர்; அவ்வழிச் செல்வார் தாமே காண்க.

மூன்றாம் நாள் வழி ஏறுவதும் இறங்குவதுமாய் அமைந்தது. இறக்கத்திற் பெற்ற மகிழ்ச்சியை அடுத்த ஏற்றம் வட்டியுடன் வாங்கிவிடும். தொட்டபெட்டா 2,637 மீட்டர். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம். அதன் தோளைச் சார்ந்து செல்லும் சாலையில், வழக்கமாய் மிதிக்கும் வேகத்திலேயே மிதித்தும் மூச்சு வாங்கிற்று. அவ்வுயரத்திற் காற்றின் அழுத்தம் கடற்கரையினும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் புகும் பிராணவாயுவும் அவ்வளவு குறையும். உதகையில் தண்ணீர் 93 டிகிரிக்கு உட்பட்டே கொதித்துவிடுமாதலின், அங்குப் பருப்பு வேகாமைக்குச் சமையற்காரரை நோதல் தகாது. அன்று பிற்பகல் மூடுபனி சாலையை மறைத்தது. பின்விளக்குகளை ஏற்றி, ஒருவர்பின் ஒருவராய், பேச்சொலி கேட்கும் தூரத்திலேயே சென்றோம். கைப்பேசியிலுள்ள தேசப்படம் வழியில் இருமுறை தொடர்பிழந்தது. முன்னரே இறக்கி வைத்திருந்த படமும், காகிதத்தில் எழுதிய ஊர்ப்பெயர் வரிசையுமே உதவின.

இறக்கத்தைப் பற்றிக் கூறுவதாகச் சொல்லியிருந்தோம். ஏற்றம் உழைப்பு மாத்திரமே. அங்கே பலமில்லாத வண்டிக்குத் தண்டனை தாமதம். இறக்கத்தில் அதற்குத் தண்டனை உயிராகலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம்வரை இறங்கும் உயரம் ஏறத்தாழ 1,525 மீட்டர். 85 கிலோ பாரம் அவ்வளவு உயரம் இறங்கும்போது விடும் ஆற்றல் பன்னிரண்டரை லட்சம் ஜூலுக்கு மேல். நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணர்வதற்கு அது போதும். இதிற் சிறிது காற்றின் தடையிற் கழியும். மெதுவாய் இறங்குவார்க்குப் பெரும்பாகமும் பிரேக்கிலேயே வெப்பமாகும். ரிம்மைப் பற்றும் பிரேக்காயின் ரிம் சுடும். சூடு மிகுந்தால் உள்ளே காற்றின் அழுத்தம் ஏறி டியூப் வெடிக்கலாம். தட்டுப் பிரேக்காயின் தட்டுச் சுடும். அது டியூபினின்றும் விலகியிருப்பதால் தீங்கு குறைவு. இடைவிடாது மெல்லப் பற்றிக்கொண்டே இறங்குதல் மிகவும் தீது. வளைவுக்கு முன்னர் உறுதியாய்ப் பற்றி வேகத்தைக் குறைத்து, வளைவினுள் விட்டு, நேர்வழியிற் சக்கரம் காற்றில் ஆற இடங்கொடுத்து, முன்பின் இரண்டையும் பயன்படுத்தி இறங்குதல் நெறி. வேகம் இருமடங்காயின் நிறுத்தும் தூரம் நான்மடங்காகும் என்பது பௌதிக நூல் கூறுவது. திறக்கப்படாத அந்நூலிலும் அஃது இருந்திருக்கும்.

கறுப்புச் சைக்கிளின் பிரேக்கோ இரும்புக் கம்பிகளால் இழுக்கப்பட்டு ரிம்மின் உட்புறத்தைத் தொடுவது. சமதரைக்கு அது போதும். உதகையிலிருந்து குன்னூர் வருமுன்னரே, கைப்பிடியை முழுதும் இறுக்கியும் அவ்வண்டி நிற்க மறுத்தது. ரிம்மைத் தொட்டால் விரல் சுட்டது. கட்டைகள் பளபளவென்று மெழுகியிருந்தன. தோழர் நடந்தே இறங்குவேன் என்றனர். 34 கிலோமீட்டர்! அவர் நடந்திருப்பர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் நான்கு மணிக்குள் அடிவாரக் காட்டைக் கடந்திரார். வண்டியைத் தந்தையார் தந்தாராதலின், அதனைப் பிரிய அவர் மனம் இசைந்திலது. அரைமணி வழக்காடியபின் சாலையோரத்தில் நின்ற காய்கறி லாரிக்காரர் ஒருவர் வழக்கைத் தீர்த்தனர். "அண்ணே, முட்டைக்கோசுமேல போட்டுக் கட்டிக்கிறேன்; மண்டியில வந்து வாங்கிக்கிடுங்க" என்றார். நீலகிரிக் காய்கறிகள் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்து மண்டிக்கே இறங்குவன. சைக்கிள் கோசின்மேல் ஏறிற்று; தோழர் அதன் பக்கத்திலேயே அமர்ந்து சென்றனர். பலமில்லாத பிரேக்கோடு மலையிறங்க முற்படுவார் எவராயினும் அவர் வண்டியை இவ்வாறு லாரியிலேற்றுதலே நட்புக்கு அழகென்று எண்ணுகின்றோம்.

யாம் மூவர் இறங்கினோம். மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்று சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தோம். மலைச்சாலையில் மேலேறும் வண்டிக்கே முதலுரிமை என்பது சட்டம். அதனை மறவாது, பேருந்து ஏறி வருவது தெரிந்தால் வளைவுக்கு இப்பாலே ஒதுங்கினோம். எதிர்ச்சரிவில் மலை ரெயில் சென்றது. 1899-இல் குன்னூர்வரையும் 1908-இல் உதகைவரையும் எட்டிய அப்பாதை, கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டடிக்கு ஓரடி உயர்வது. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் அங்கே வழுக்குமாதலின், தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறவும் இறங்கவும் செய்தனர். 2005-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுட் சேர்த்தது. எம் பற்சக்கரத்தையும் அதன் பற்சக்கரத்தையும் ஒப்பிட்டு மகிழ்ந்தோம். பர்லியாற்றில் மங்குஸ்தான் பருவமில்லை என்றனர், பலாச்சுளை கிடைத்தது. கல்லாற்றை இரண்டரை மணிக்குக் கடந்தோம்.

மண்டியில் தோழர் தம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றனர். ரெயிலிற் கொண்டுசெல்வார்க்கு ஒரு குறிப்பு: வண்டியைப் பார்சல் ஆபீஸிற் கட்டணம் செலுத்திப் பதிவு செய்தல் வேண்டும், புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னரே செல்க, பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்க, மிதிகளை உட்புறம் திருப்பி மாட்டிச் சாக்குத்துணி சுற்றுக. ஊர் சேர்ந்தபின் எம் மூவர் வண்டிகளின் பிரேக் கட்டைகளையும் கழற்றி அளந்து பார்த்தோம். புறப்படும்போது புதியனவாய் இட்டவற்றில் பாதியே எஞ்சியிருந்தது. கறுப்புச் சைக்கிளுக்குப் புதிய கட்டைகள் இட்டாயிற்று. அதன் உடையவர், வருகிற பிப்ரவரிக்கு வாடகை வண்டி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வருகின்றனர்.